குடிநீர் நிறுவனத்திடம் எந்தக் கணக்கைக் கேட்பது? விதி வரைவில் ஓட்டை தேட வாருங்கள்

வரைவுக்காரன் | #1

பொதுத்துறைக் குடிநீர் நிறுவனங்கள் மாதாமாதம் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு என்ன கணக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரைவு எழுதிக்கொண்டிருக்கிறேன். மாதிரிக்கு எடுத்துக்கொண்டது, ஆற்று நீரைச் சுத்திகரித்து 2 லட்சம் பேருக்குக் கொடுக்கும் நிறுவனம். பாதிப் பகுதிக்கு 24 மணி நேரமும், மீதிக்கு முறைவைத்தும் தண்ணீர். கேட்பது ஐந்து எண்கள்:

1. தரத்தில் தேறிய மாதிரிகள், சதவீதத்தில்
2. வருவாய் தராத நீர் (குழாயில் விட்டும் காசு வராத நீர்), சதவீதத்தில்
3. சராசரி வழங்கல் நேரம்
4. 48 மணி நேரத்தில் முடித்த புகார்கள், சதவீதத்தில்
5. பில் போட்டதில் வசூலான பங்கு

தவறினால் அபராதம். எந்த எண்ணை எப்படி ஏமாற்றலாம் என்று சொல்லுங்கள். பொதுவாகத் திட்டுவதற்கு வேறு இழைகள் இருக்கின்றன.

கடைமடை | #2

முதல் எண்ணிலேயே பெரிய ஓட்டை. மாதிரியை எங்கே எடுத்தார்கள்? சுத்திகரிப்பு நிலையத்தின் வெளிக்குழாயில் எடுத்தால் வருஷம் முழுக்க நூற்றுக்கு நூறு வரும். தண்ணீர் கெடுவது அதற்கப்புறம்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி சொல்வது இது: பி.எச். (நீரின் அமில-கார அளவு) 8-க்குக் கீழே இருக்கையில், குறைந்தது 30 நிமிடத் தொடர்புக்குப் பிறகு கட்டற்ற குளோரின் (வேறெதோடும் சேராமல் கிருமியைக் கொல்ல மிச்சமிருப்பது) லிட்டருக்கு 0.5 மி.கி. அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சேரும் இடத்தில் குறைந்தது 0.2. இரண்டு இடத்துக்கு இரண்டு எண். ஒரே சதவீதத்தில் போட்டுக் கலக்கினால் இரண்டுமே தெரியாமல் போய்விடும்.

மலம் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலி பாக்டீரியாவின் பரிசோதனைக்கு அதே நிறுவனத்தின் அட்டவணைப்படி, 1 லட்சம் முதல் 5 லட்சம் பேர் வரை உள்ள அமைப்புக்கு 10,000 பேருக்கு 12 மாதிரி, அதோடு கூடுதலாக 120. உங்கள் 2 லட்சத்துக்கு வருஷத்துக்கு 360, மாதத்துக்கு 30. எண்ணிக்கையை இப்படிச் சுலபமாக எழுதிவிடலாம். இடம்தான் சிக்கல். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கிளறிய சோற்றுக்குப் பொருந்தும்; குழாய்க்குள் கிளற ஆளில்லை. முப்பதில் பத்தை நிலையான இடங்களில் எடுக்கட்டும் (நிலைய வெளிவாய், ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டி). மீதி இருபது கடைமடையிலும் முட்டுச்சந்துக் குழாயிலும். அந்த இருபதின் முகவரிகளைக் குலுக்கல் முறையில் ஆணையம் தேர்ந்தெடுத்து அன்று காலையில் அனுப்ப வேண்டும். முதல் நாளே தெரிந்துவிட்டால் அந்தத் தெருவில் குழாயைத் திறந்து கழுவி விட்டிருப்பார்கள்.

சலசலப்பு | #3

கடைமடையில் 0.2 வரவில்லை என்றால் நிலையத்தில் மருந்தைக் கூட்டிவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவனுக்கு நெடி தாங்காது, தூரத்தில் இருப்பவனுக்கு அப்போதும் 0.1தான். விதி இதைத் தூண்டிவிடாதா?

கடைமடை | #4

தூண்டிவிடும். அதனால்தான் மேல் வரம்பும் வேண்டும். குளோரின் எங்கே செலவாகிறது என்று பார்க்காமல் அளவைக் கூட்டுவது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவது போல. பழைய இரும்புக் குழாயின் உட்சுவர், அதில் படிந்த உயிர்ப்படலம் (நுண்ணுயிர்ப் படிவு), பல நாள் தேங்கிய பெரிய தொட்டி என்று மூன்றும் தின்கின்றன. வழிகள்:

வழியில் உள்ள தொட்டியில் இடைநிலை மருந்தூட்டல். தொட்டியிலிருந்து மணிக்கு 100 கன மீட்டர் போகிறது, 0.4 மி.கி. கூட்ட வேண்டும் என்றால் மணிக்கு 40 கிராம் குளோரின். 1 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலில் லிட்டருக்கு 10 கிராம் இருக்கும். ஆக மணிக்கு 4 லிட்டர். சிறிய டோசிங் பம்ப் போதும்.

முட்டுச்சந்துக் குழாயைக் கழுவுதல். வால்வுகளை மூடி ஒரே திசையில் நொடிக்கு 1.5 மீட்டர் வேகமாவது கொடுக்க வேண்டும். 100 மி.மீ. குழாய்க்கு நொடிக்கு சுமார் 12 லிட்டர், 150 மி.மீ.க்கு 26 லிட்டர். அரை அங்குலக் குழாயைத் திறந்துவிட்டு "ஃபிளஷ் பண்ணியாச்சு" என்று எழுதினால் வண்டல் அசையக்கூடச் செய்யாது.

நிலையத்திலும் ஒன்று கவனிக்க வேண்டும். 30 நிமிடத் தொடர்பு என்பதைத் தொட்டியின் கொள்ளளவை ஓட்டத்தால் வகுத்துக் காட்டுவார்கள். 500 கன மீட்டர் தொட்டி, மணிக்கு 500 ஓட்டம், எனவே 60 நிமிடம் என்று. தடுப்புச் சுவர் இல்லாமல் நுழைவாயும் வெளிவாயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கணக்கில் எடுக்க வேண்டிய காரணி 0.1. உண்மையில் 6 நிமிடம்தான். நல்ல தடுப்புச் சுவர் கட்டினால் 0.7, அதாவது 42 நிமிடம். மருந்தைக் கூட்டுவதைவிட நாலு சுவர் கட்டுவது மலிவு. ஆனால் சுவரைப் பற்றி மாதாந்திர அறிக்கையில் எழுத இடமே கிடையாது.

ஆய்வக மேசை | #5

அளக்கும் முறையை விதியிலேயே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் எண்ணுக்கு அர்த்தமில்லை.

டி.பி.டி. 1-ஆம் எண் மாத்திரை கட்டற்ற குளோரினுக்கு. போட்டுக் கரைந்ததும் ஒரு நிமிடத்துக்குள் படிக்க வேண்டும். தாமதித்தால் கட்டுண்ட (அம்மோனியா போன்றவற்றோடு சேர்ந்துவிட்ட) குளோரினும் நிறம் காட்ட ஆரம்பித்து எண் ஏறும். மாத்திரையைக் கையால் தொடக் கூடாது. குளோரின் மிக அதிகமாக இருந்தால் டி.பி.டி.யின் இளஞ்சிவப்பு நிறத்தையே அது வெளுத்துவிடும், கருவி "பூஜ்யம்" காட்டும். அதைப் பார்த்துவிட்டு மருந்தைக் கூட்டுபவரும் உண்டு. சந்தேகம் வந்தால் குளோரின் இல்லாத வடிநீரில் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி பாருங்கள். ஆர்த்தோடாலிடின் மஞ்சள் நிறச் சோதனை இன்னும் சில இடங்களில் ஓடுகிறது. அது கட்டற்றதையும் கட்டுண்டதையும் சரியாகப் பிரிக்காது, பொருளும் நச்சு. விதியில் அதை அனுமதிக்காதீர்கள்.

குளோரின் அளவோடு பி.எச். எழுதாத பதிவு பாதிப் பதிவு. 7.5-இல் ஏறக்குறைய பாதிதான் கிருமியைக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும். 8.5-இல் பத்தில் ஒரு பங்கு. 0.5 என்ற அதே எண்ணுக்கு இரண்டு இடத்திலும் ஒரே பலன் இல்லை.

நுண்ணுயிர் மாதிரிக்கான பாட்டிலில் சோடியம் தயோசல்பேட் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வகம் போகும் வழியெல்லாம் குளோரின் வேலை செய்துகொண்டே இருக்கும். குழாயில் இருந்த ஈ.கோலி பாட்டிலில் செத்துப்போய் முடிவு "தேறியது" என்று வரும். குளிர்ப்பெட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் ஆய்வைத் தொடங்குவது நல்லது, 24-ஐத் தாண்டவே கூடாது. மாதிரி எடுத்த நேரம், ஆய்வகம் பெற்ற நேரம், ஆய்வு தொடங்கிய நேரம் மூன்றும் படிவத்தில் வேண்டும்.

கவனம்: ஈயத்துக்கு மாதிரி எடுக்கும் முறை இதற்கு நேர்மாறு. நுண்ணுயிருக்குக் குழாயைத் திறந்து ஓடவிட்டு எடுப்போம். ஈயத்துக்கு, குறைந்தது 6 மணி நேரம் திறக்காத குழாயில் முதல் ஒரு லிட்டரையே பிடிக்க வேண்டும். "எடுக்கும் முன் குழாயை ஓடவிடவும்" என்று ஒரே வரியில் எல்லாவற்றுக்கும் எழுதினால் ஈயம் கண்ணில் படவே படாது.

கணக்குப்பிள்ளை | #6

நான் பதிவேட்டைப் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். எண் தேறுகிறதா என்று பார்க்க மாட்டேன், எண்கள் பரவியிருக்கின்றனவா என்று பார்ப்பேன். நிஜமாக அளந்தால் 0.31, 0.18, 0.44 என்று தாறுமாறாகத்தான் வரும். மாதம் முழுக்க 0.5, 0.5, 0.5 என்று இருந்தால் அது நாற்காலியில் உட்கார்ந்து எழுதியது. (நிறவட்டு ஒப்பீட்டுக் கருவி படிப்படியாகத்தான் காட்டும், அதை மன்னித்துவிடலாம். எண் காட்டும் கருவிக்கு மன்னிப்பில்லை.)

கனடாவின் வாக்கர்டனில் 2000 மே மாதம் நடந்தது இதுதான். கிணற்றில் மாட்டுச் சாணக் கிருமி இறங்கியது. பதிவேட்டிலோ 0.5, 0.75 என்று அளக்காமலே எழுதப்பட்ட எண்கள். ஏழு பேர் இறந்தார்கள், 2,300 பேர் அளவில் நோயுற்றார்கள். நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் விசாரணை அறிக்கையில் இது விரிவாக இருக்கிறது. கட்டற்ற குளோரினையும் கலங்கலையும் இடைவிடாமல் அளக்கும் கருவி அந்தக் கிணற்றில் இருந்திருந்தால் தடுத்திருக்கலாம் என்பது அதன் முக்கியமான முடிவு.

ஆகவே வரைவில் "சதவீதம் அனுப்புக" என்பதை அடித்துவிட்டு "மூலப் பதிவை அனுப்புக" என்று போடுங்கள். நேரம், இடம், எண். சதவீதத்தை ஆணையமே போட்டுக்கொள்ளட்டும்.

வரைவுக்காரன் | #7

ஆய்வகம் யாருடையதாக இருக்க வேண்டும்? நிறுவனமே சொந்த ஆய்வகம் வைத்திருந்தால்?

கணக்குப்பிள்ளை | #8

வைத்திருக்கலாம், அன்றாட இயக்கத்துக்கு அது தேவை. ஆனால் ஆணையத்துக்குப் போகும் முடிவுக்கு அது மட்டும் சாட்சி என்றால், வேலிக்கு ஓணான் சாட்சி. தனியார் ஆய்வகம் என்பதாலும் தீராது. வாக்கர்டனில் பரிசோதித்தது வெளி ஆய்வகம்தான். கிருமி இருப்பதைக் கண்டும் காசு கொடுத்த நிறுவனத்துக்கு மட்டும் சொன்னது. சுகாதார அதிகாரிக்குச் சொல்ல வேண்டும் என்று அப்போது சட்டம் இல்லை. எழுத வேண்டிய வரி இது: ஈ.கோலி கண்டால் ஆய்வகம் நிறுவனத்துக்கும் சுகாதார அதிகாரிக்கும் ஆணையத்துக்கும் ஒரே நேரத்தில், அன்றே, தொலைபேசியிலும் எழுத்திலும் தெரிவிக்க வேண்டும். மாதக் கடைசி வரை காத்திருக்கும் விஷயமில்லை.

மீட்டர் மணி | #9

இரண்டாவது எண்ணுக்கு வருகிறேன். வருவாய் தராத நீரைச் சதவீதத்தில் கேட்பது ரொம்ப நாள் வழக்கம், ரொம்ப நாள் தப்பு.

6,000 இணைப்புள்ள ஒரு மண்டலம். நாளுக்கு 6,000 கன மீட்டர் உள்ளே போகிறது, 1,200 போன இடம் தெரியவில்லை. 20 சதவீதம். பெரிய தொழிற்சாலை ஒன்று மூடிப்போய் உள்ளே போவது 4,000 ஆகிறது என்று வையுங்கள். அதே ஓட்டை, அதே 1,200, இப்போது 30 சதவீதம். யாரும் எதுவும் கெடுக்கவில்லை. திருப்பிப் போட்டால், பக்கத்து ஊருக்கு மொத்தமாக நீர் விற்றாலே போதும், ஒரு ஓட்டையும் அடைக்காமல் சதவீதம் இறங்கிவிடும்.

இணைப்புக்கு நாளைக்கு எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். அழுத்தத்தையும் சேர்க்க வேண்டுமென்றால் பன்னாட்டு நீர்ச் சங்கத்தின் சூத்திரம் இருக்கிறது. எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் தவிர்க்க முடியாத கசிவு = (18 × முதன்மைக் குழாய் கி.மீ. + 0.8 × இணைப்புகள் + 25 × வீட்டு எல்லைக்குள் மீட்டர் வரையுள்ள குழாய் கி.மீ.) × சராசரி அழுத்தம் (நீர் எழும் உயரமாக, மீட்டர் அளவில்). விடை நாளுக்கு லிட்டரில். மேலே சொன்ன மண்டலத்தில் 60 கி.மீ. குழாய், மீட்டர் எல்லையிலேயே, அழுத்தம் 25 மீட்டர் என்றால்: (1,080 + 4,800) × 25 = 1,47,000 லிட்டர், 147 கன மீட்டர். 1,200-உம் கசிவுதான் என்றால் எட்டு மடங்குக்கு மேல். அடைக்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த "என்றால்"தான் கஷ்டம். 1,200-இல் எவ்வளவு நிஜக் கசிவு, எவ்வளவு கணக்குப் பிழை? முதலில் உள்ளே போகும் மீட்டரையே நம்பக் கூடாது. வளைவுக்கும் வால்வுக்கும் ஒட்டிப் பொருத்திய மின்காந்த மீட்டர் தப்பாகவே படிக்கும். பொதுவாக முன்னால் குழாய் விட்டத்தின் 5 மடங்கு நேர்க்குழாய் வேண்டும். சரிபார்க்கச் செலவில்லாத வழி: தொட்டியின் நுழைவாயை மூடிவிட்டு நீர் மட்டம் இறங்குவதை அளப்பது. 400 ச.மீ. பரப்புள்ள தொட்டியில் 1 மீட்டர் இறங்கினால் 400 கன மீட்டர். மீட்டர் 370 என்றால் உங்கள் கணக்கு மொத்தமும் சாய்ந்திருக்கிறது.

சலசலப்பு | #10

இரவு 2 முதல் 4 மணி வரையிலான குறைந்தபட்ச ஓட்டத்தை வைத்துக் கசிவைப் பிடிக்கலாமே?

மீட்டர் மணி | #11

24 மணி நேரப் பகுதியில் பிடிக்கலாம். 500 முதல் 3,000 இணைப்பு வரை உள்ள தனி மண்டலமாகப் பிரித்து, நுழைவாயில் ஒரு மீட்டர். நியாயமான இரவுப் பயன்பாட்டைக் கழித்தால் மிச்சம் கசிவு.

முறைவைத்து விடும் பகுதியில் இது பலிக்காது. தண்ணீர் வந்தவுடன் எல்லார் வீட்டுத் தொட்டியும் நிரம்பும், அது கசிவு மாதிரியே தெரியும். அங்கே ஒரு மண்டலத்துக்கு மட்டும் ஒன்றிரண்டு நாள் தொடர்ந்து திறந்துவிட்டு, தொட்டிகளெல்லாம் நிரம்பி மிதவை வால்வுகள் மூடிய பிறகு ஓட்டத்தைப் பாருங்கள். அப்புறம் ஓடுவதில் பெரும்பகுதி மண்ணுக்குள் போவதுதான். கூடவே இன்னொன்று: முறைநீர் வரும்போது முதலில் காற்று சீறிக்கொண்டு வந்து மீட்டரைச் சுழற்றும், பில் ஏறும். அதே வீட்டில் மிதவை வால்வு மூடும் தறுவாயில் சொட்டுச் சொட்டாகப் போகும் நீரை மீட்டர் எண்ணவே எண்ணாது. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டும் என்று நினைக்காதீர்கள்.

தொட்டிமேல் காற்று | #12

சதவீதத்தை ஒரேயடியாகத் தூக்கி எறிய வேண்டாம் மணி சார். கம்போடியத் தலைநகர் நோம் பென்னில் 1993-இல் 72 சதவீதம் போய்க்கொண்டிருந்தது, 2008 வாக்கில் 6-ஐ ஒட்டி இறங்கியது. அந்த எண் இல்லாவிட்டால் அது மக்களுக்குப் புரிந்திருக்குமா?

மீட்டர் மணி | #13

புரிய வைக்கச் சரி, அபராதம் போடச் சரியில்லை. அங்கே நீர் நிறுவனத்தை நடத்திய எக் சொன் சான் தலைமையில் அவர்கள் சதவீதத்தை விரட்டவில்லை. எல்லா இணைப்புக்கும் மீட்டர், பழைய குழாய் மாற்றம், திருட்டு இணைப்பு ஒழிப்பு, இராணுவம் உட்பட அரசு அலுவலகங்களிடமும் வசூல். எண் அதன் பின்னால் வந்தது.

தொட்டிமேல் காற்று | #14

சரி, மூன்றாவது எண்ணை நான் எடுத்துக்கொள்கிறேன். "சராசரி வழங்கல் நேரம்" என்பது பம்ப் ஓடிய நேரம். கடைமடையில் தண்ணீர் வந்த நேரம் இல்லை. ஒரு பகுதிக்கு 24, இன்னொரு பகுதிக்கு 2 என்றால் சராசரி 13. 13 மணி நேரம் தண்ணீர் பார்த்த வீடு ஒன்றுகூட இருக்காது. ஒவ்வொரு மண்டலத்திலும் மிக உயரமான அல்லது மிகத் தொலைவான இடத்தில் ஓர் அழுத்தப் பதிவுக்கருவி வையுங்கள், 15 நிமிடத்துக்கு ஒரு எண். மண்டலவாரியாக, ஒப்புக்கொண்ட குறைந்த அழுத்தத்துக்கு மேல் எத்தனை மணி நேரம் என்று மட்டும் கேளுங்கள். அழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போன நேரம் தனி வரி. குழாய் வெறுமையாகும்போதுதான் பக்கத்துச் சாக்கடை உள்ளே உறிஞ்சப்படுகிறது. தரக் கோளாறின் பாதிக் காரணம் இந்தப் பதிவில் கிடைக்கும்.

புகார் பற்றி ஒரே வார்த்தை: "முடித்தது" யார் சொன்னது? புகார் கொடுத்தவர் ஒப்புக்கொண்டால்தான் முடிவு. கலங்கல், நெடி, வயிற்றுப்போக்கு பற்றிய புகார்களை பில் புகார்களோடு சேர்க்காமல் வரைபடத்தில் புள்ளி வையுங்கள். ஒரே தெருவில் மூன்று விழுந்தால் அது புகார் இல்லை, குழாய் உடைப்பு.

சட்டப்பிரிவு | #15

அபராதத்தைத்தான் யாரும் தொடவில்லை. பொதுத்துறை நிறுவனத்துக்கு அபராதம் போட்டால் கட்டுவது யார்? தண்ணீர் வரி கட்டுபவர். மோசமான தண்ணீரும் குடித்து, அதற்குத் தண்டமும் கட்டுகிறார். குழாய் மாற்ற வைத்திருந்த பணமும் போய்விடும்.

பொதுத்துறையை ஒழுங்குபடுத்தவே முடியாது என்று சொல்லவில்லை. ஸ்காட்லாந்தில் நிறுவனம் அரசுடையது. கட்டணத்துக்கு ஓர் ஆணையம், தரத்துக்கு இன்னொன்று, இரண்டும் நிறுவனத்துக்கு வெளியே. இங்கிலாந்தில் 1989-இல் தனியார்மயமானபோதும் பொருளாதாரத்துக்கு ஆஃப்வாட், தரத்துக்குத் தனி ஆய்வுத்துறை என்று பிரித்தார்கள். கட்டணத்தைக் குறைக்கச் சொல்பவரும் குளோரினைப் பார்ப்பவரும் ஒரே நாற்காலியில் உட்காராமல் இருப்பது நல்லது.

பணத்துக்குப் பதில் என்ன செய்யலாம்: காலக்கெடுவோடு திருத்த உத்தரவு, இயக்குபவர்களுக்குத் தகுதிச் சான்று, பொய்ப்பதிவு எழுதினால் சான்று ரத்து, மேலே இருப்பவர்களுக்குத் தனிப்பட்ட பொறுப்பு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் 2002 குடிநீர்ச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, நகராட்சி நீர் அமைப்பில் முடிவெடுக்கும் உறுப்பினர்கள் வரை அக்கறைக் கடமையைச் சுமத்துகிறது; 2012 கடைசியில் அமலுக்கு வந்தது. அதன்பின் "எனக்குத் தெரியாது, பொறியாளரைக் கேளுங்கள்" என்பது பதிலாகாது.

ஐந்தாவது எண் பற்றி: வசூல் பங்கு சரி, ஆனால் அந்தப் பணம் தனிக் கணக்கில் நிற்க வேண்டும். நகராட்சிப் பொதுக் கணக்கில் கரைந்தால் நூறு சதவீதம் வசூலித்தும் வால்வு வாங்கக் காசிருக்காது.

கணக்குப்பிள்ளை | #16

ஆணையத்தையும் கண்காணிக்க வேண்டும் என்று எழுதுங்கள். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2014 ஏப்ரலில் நீர் ஆதாரத்தை மாற்றியபோது, குழாயிலிருந்து ஈயம் கரையாமல் காக்கும் அரிப்புத் தடுப்பு மருந்து சேர்க்கவில்லை, மாநில மேற்பார்வைத் துறையும் அதைக் கேட்கவில்லை. 2015 ஈயக் கணக்கில் இரண்டு மாதிரிகளை விலக்கியதும் 90-ஆம் சதமான எண் (நூற்றில் தொண்ணூறு மாதிரிகள் தாண்டாத அளவு) லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் வரம்புக்குக் கீழே வந்துவிட்டது. நீக்கிய மாதிரியும் நீக்கிய காரணமும் பொதுவில் தெரிய வேண்டும். நீர் ஆதாரத்தையோ கிருமிநாசினியையோ மாற்றும் முன் தனி அனுமதி. வாஷிங்டனில் 2000-இல் குளோரினிலிருந்து குளோரமைனுக்கு (அம்மோனியாவோடு சேர்ந்த குளோரின்) மாறியதே ஈயக் குழாயின் உள்ளே காப்பாக இருந்த படிவைக் கரைத்துவிட்டது.

வரைவுக்காரன் | #17

திருத்திய முதல் பிரிவு:

"நிறுவனம் ஒவ்வொரு மாதமும் குறைந்தது 30 மாதிரிகள் எடுக்கும், இவற்றில் 20, ஆணையம் அன்று காலை தெரிவிக்கும் வீட்டு முனைக் குழாய்களில், வீட்டுத் தொட்டிக்கு முன்னால். ஒவ்வொன்றிலும் கட்டற்ற குளோரின், பி.எச்., கலங்கல், ஈ.கோலி. எண், இடம், நேரம் ஆகியவை திருத்தமின்றி அனுப்பப்படும். ஈ.கோலி கண்டால் ஆய்வகம் அன்றே மூவருக்கும் தெரிவிக்கும். நீக்கிய மாதிரி காரணத்தோடு வெளியிடப்படும். குழாயை ஓடவிட்டு எடுக்கும் முறை ஈய மாதிரிக்குப் பொருந்தாது."

சரியா?

ஆய்வக மேசை | #18

ஏறக்குறைய. ஒன்று சேருங்கள். கலங்கலுக்கு வீட்டு முனையில் ஓர் எண் போதாது. கிருமிநாசினி சேர்க்கும் முன், ஒவ்வொரு வடிகட்டியின் வெளிவாயிலும் தனித்தனியாகத் தொடர் பதிவு, 1 என்.டி.யு.வை (கலங்கலை அளக்கும் அலகு) தாண்டிய நிமிடங்களோடு. எல்லா வடிகட்டிகளின் நீரையும் கலந்து அளந்தால் கெட்ட ஒன்று மற்றவற்றுக்குள் ஒளிந்துகொள்ளும். 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி வடிகட்டியைத் தாண்டிப் போய்ச் சுமார் 4 லட்சம் பேரைப் படுக்கவைத்தது. குளோரின் அதை ஒன்றும் செய்யாது.

தொட்டிமேல் காற்று | #19

மாதிரி எடுத்த நேரத்தோடு, அந்தத் தெருவுக்குத் தண்ணீர் திறந்த நேரத்தையும் கேளுங்கள். முறைவைக்கும் பகுதியில் அழுக்கு வருவது முதல் கால் மணி நேரத்தில். அதை எழுதாவிட்டால் எல்லா மாதிரியும் திறந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வந்து சேரும்.

வரைவுக்காரன் | #20

சேர்த்துவிட்டேன். முறைப் பகுதியில் பாதி மாதிரி திறந்த முதல் 15 நிமிடத்துக்குள். இரண்டாவது பிரிவை நாளை போடுகிறேன். மணி சார், தொட்டி இறக்கச் சோதனை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

மீட்டர் மணி | #21

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மீட்டரைக் கழற்றி மாட்டினால் மறுநாளே. நுழைவாய் வால்வு நீரை முழுசாக நிறுத்துகிறதா என்று முதலில் பாருங்கள். நுழைவாய், வெளிவாய் இரண்டையும் மூடி அரை மணி நேரம் விட்டு மட்டம் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏறினால் வால்வு விடுகிறது. அதை மாற்றாமல் சோதனை செய்தால் மீட்டர் மேல்தான் பழி விழும்.